கீறல்

செம்பனைக் குலை ஏற்றிய லாரி போகும்போதெல்லாம்
என் நகல் இயந்திரம் ஒருமுறை நடுங்கும்.
அந்த நேரம் பார்த்து விழுகிற பிரதியில்
எழுத்தெல்லாம் இரட்டையாக இருக்கும்.
அதற்குக் காசு வாங்கமாட்டேன்.

பீடோர் பஸ் நிலையத்துக்கு எதிர்வரிசை,
பல் வைத்தியருக்கும் நம்பர் கடைக்கும் நடுவே
பதினோரு வருடம்.
படிக்காமல்தான் எடுக்கப் பார்க்கிறேன்,
கண் கேட்பதில்லை.
யார் வீடு ஏலத்துக்கு வருகிறது, யாருக்குச் சர்க்கரை எத்தனை,
எல்லாம் எனக்குத் தெரியும்.
வெளியே சொன்னதில்லை.

முத்துராக்கு வந்தது மழையில்.
எஸ்டேட் சாலை முடிவெட்டும் கடைப் பையன்,
ஊர் திருவாடானைப் பக்கமாம்.
சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பை,
பைக்குள் பை, அதற்குள் இன்னொன்று,
கடைசியில் கடப்பிதழ் நகலின் நகல்.
முகம் இருந்த இடத்தில் கறுப்புத் திட்டு, இரண்டு காது.
"கொஞ்சம் வெளிச்சமா எடுத்துத் தர முடியுமாக்கா?"
அசல் எங்கே?
"மொதலாளி பெட்டியில. பத்திரமா இருக்கட்டும்னு."
யாருக்குப் பத்திரம் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த தாளைக் கண்ணாடியில் வைத்தேன்.
கை நின்றுவிட்டது.
மேலே தராசுப் படம், நீல எழுத்தில்
குணாளன் அண்ட் கோ, சட்ட ஆலோசகர்.
பெர்மிட் புதுப்பிக்க நாலாயிரத்து ஐந்நூறு வெள்ளி.
பாதி கட்டியாயிற்று. ரசீது கிடையாது.
"காரண்டின்னு சொல்லியிருக்காருக்கா லோயர் சார்."

அந்தத் தராசின் இடது தட்டில்
மயிரிழை போல ஒரு கீறல்.
தராசில் இல்லை அது,
என் கண்ணாடியில் இருக்கிறது.
இருநூறு இருநூறாக அடித்துக்கொண்டு போவான் குணாளன்.
முன்பு இன்சூரன்ஸ் விற்றவன்.
கலர் பிரதி என்று தள்ளுபடிகூடக் கொடுத்திருக்கிறேன்.
தீபாவளிக்கு ஒரு டின் முறுக்கு வரும்,
சாப்பிட்டும் இருக்கிறேன்.

மழை விடவில்லை. பையனும் போகவில்லை.
வாடகை நினைவுக்கு வந்தது,
குணாளன் மைத்துனன் யார் யாரோடு டீ குடிப்பான் என்பதும்.
பிறகு என் வாய் பேசிற்று:
தம்பி, அவன் லோயர் இல்லை.

கல்லாவுக்கு அடியில் ஒரு பழைய துண்டறிக்கை.
இலவசச் சட்ட உதவி, ஈப்போ.
யாரோ பிரதி எடுக்க வந்தபோது
லாரி நடுக்கத்தில் கெட்டுப்போய் என்னிடமே தங்கியது.
தொலைபேசி எண்ணும் இரட்டை,
கடைசி இலக்கம் ஐந்தா ஆறா?
ஐந்தை அழுத்தினால் ஏதோ ஆணி விற்கும் கடை.
ஆறில் ஹர்விந்தர் கோர் எடுத்தார்,
பாதித் தமிழ், பாதி மலாய்.

அடுத்தவர் கடப்பிதழைப் பிடித்து வைப்பது குற்றம் என்றார்.
வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டானா என்றார்.
சம்பளம் கையிலா பேங்கிலா,
என்றைக்கு வந்தான், யார் கூட்டி வந்தது,
கேட்டுக்கொண்டே இருந்தார்.
ஜெயித்துவிடலாமா என்று கேட்டேன்.
தெரியாது, தாளெல்லாம் பார்க்கணும் என்றார்.
அந்தத் 'தெரியாது'க்காகத்தான் நம்பினேன்.
வக்கீல் பட்டியலில் என் பெயர் இருக்கிறதா,
விசாரித்துவிட்டே அனுப்புங்கள் என்று அவரே சொன்னார்.
விசாரித்தேன். இருந்தது.

தாப்பா தாண்டி போலிஸ் தடுப்பு இருந்தால்?
நகலைக் காட்டினால் இறக்கிவிடுவார்களே?
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
மறுநாளே பல் வைத்தியரின் காரில்,
பின்சீட்டில், மூன்று பைகளோடு போனான்.
குனிந்துகொள்ள வேண்டாம் என்று சொன்னேன்.
குனிந்துகொண்டேதான் போனான்.

மாலையில் ஹர்விந்தர் கூப்பிட்டார்.
இந்தத் தராசுத் தாளை அடித்தது யார் என்று தெரியுமா?
லாரி ஒன்று கடந்து போகும்வரை சும்மா இருந்தேன்.
நான்தான் என்றேன்.
எழுதித் தருவீர்களா?
அதற்கும் ஒரு லாரி போயிற்று.

கடப்பிதழ் இன்னும் வரவில்லை.
முறுக்கு டின் இந்த வருடம் வராது.
மெக்கானிக் பையன் டோனர் மாற்ற வந்தவன்
புதுக் கண்ணாடி போட்டுவிடலாமா,
கீறல் அசிங்கமாக இருக்கிறதே என்றான்.

இப்போது வேண்டாம் என்றேன்.
துணியால்கூடத் தொடாதே.